சனிக்கிழமை சம்பளம், சிக்னல் இல்லாத மலை

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. கேரளத்து வண்டன்மேட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஏலக்காய்த் தோட்டம். காய் எடுத்து, எடை போட்டு முடித்து, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்து உதறிவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக ஜீப்புக்கு வருவார்கள். முதலாளி வீட்டு வாசலில் நின்றபடியே கையை உயர்த்தி, "பைசா இட்டிட்டுண்டு கேட்டோ" என்பார், பணம் போட்டாச்சு என்று. அவர் வீட்டில் வைஃபை உண்டு. என் போனில் ஒரு கோடுகூட இருக்காது. 14 பேரின் ஒரு வாரச் சம்பளம், 37,800 ரூபாய், என் கணக்கில் வந்து விழுந்திருக்கும். என் கண்ணுக்கும் தெரியாது, அவர்கள் கண்ணுக்கும் தெரியாது. அவர் சொன்னதை நம்பி நான் வண்டியை எடுப்பேன். என்னை நம்பி அவர்கள் ஏறி உட்காருவார்கள்.

கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் ஆறு மணிக்கு, மாநில எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டு வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுவது வேலை. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் இப்படி எத்தனையோ ஜீப் மலை ஏறும். முன்பெல்லாம் சம்பளம் காகித உறையில் வரும். முதலாளியே எண்ணிக் கொடுப்பார். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு ரெண்டு மாசம் பட்ட பாடு தனிக்கதை. அப்புறம் 2020-ல் ஊரடங்கு. குமுளியும் கம்பம்மெட்டும் அடைத்துக் கிடந்தன. பாஸ் இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. பாக்கிச் சம்பளம் மேலே, ஆட்கள் கீழே. அப்போதுதான் முதலாளி முதன்முதலாக எனக்கு ஜிபே போட்டார். எந்த ஆப்பாக இருந்தாலும் எங்கள் ஊரில் அது ஜிபேதான். அன்றைக்கு ஆரம்பித்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது.

இந்த நாலைந்து வருஷத்தில் எனக்குப் பட்டவற்றை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் காசு கொடுத்துப் படித்திருக்கிறேன்.

முதல் பாடம் மெட்டு இறக்கத்தில். கம்பம்மெட்டில் போன் கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவரைத் தேடும். அந்த இடைவெளியில் ஒரு கோடு வரும், போகும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்சீட்டில் இருந்த மதினி ஒருத்தி, "தம்பி, மருந்துக் கடைக்காரன் ஏழு மணிக்கு அடைச்சிருவான், எனக்கு மட்டும் இப்பவே போட்டு விடு" என்றாள். வண்டியை ஓரங்கட்டி அனுப்பினேன். 'நிலுவையில்' என்று வந்தது. அவளுக்குப் பணம் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். அதுவும் நிலுவையில். மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்று தடவையும் என் கணக்கில் கழிந்திருக்கிறது. அவளுக்கு வந்தது ரெண்டு. மீதி ஒன்று அந்தரத்தில்.

அந்த அந்தரத்துப் பணம் மறுநாள் தானாகவே திரும்பி வந்துவிட்டது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. யு.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, இங்கே கழிந்து அங்கே சேரவில்லை என்றால், மறுநாளைக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதாக இருந்தால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வங்கி நமக்குத் தர வேண்டும். இது தெரியாமல் நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கூடுதலாகப் போன இன்னொரு 2,700-ஐ அந்த மதினி திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் ஏறும்போதே கையில் கொடுத்துவிட்டாள். நல்ல மனுஷி. நிலுவையில் என்று வந்தால் மறுபடி அமுக்காதீர்கள், அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரனிடம் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லலாம்.

அடுத்தது பெயர் விவகாரம். எங்கள் ஜீப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் உண்டு. பழைய ஆள் ஒருத்தி, அதே பெயர்க்காரி, வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டாள். அவள் நம்பரை நான் அழிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இருட்டில், டீக்கடை வாசலில், அவளுக்கு 2,700 போய்விட்டது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆப்பில் புகார் போட்டேன், வங்கிக்கும் போனேன். அனுப்பிய ஒவ்வொரு பணத்துக்கும் 12 இலக்கத்தில் யு.டி.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை எழுதிக் கொடுத்தேன். வங்கியில் இருந்த தங்கச்சி பொறுமையாகத்தான் சொன்னாள்: "அண்ணே, நீங்களே பின் போட்டு நீங்களே அனுப்பியிருக்கீங்க. வாங்குனவங்க சம்மதம் இல்லாம நாங்க அங்கிருந்து எடுக்க முடியாது. அவங்க பேங்குக்கு எழுதறோம்." கடைசியில் காரியம் நடந்தது வங்கியால் இல்லை. அவளுடைய நாத்தனார் கூடலூரில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய், காபி குடித்து, விஷயத்தைச் சொல்லி, ரெண்டு தவணையில் திரும்ப வாங்கினேன்.

அதற்கப்புறம் போனில் பெயர்களை எல்லாம் மாற்றி வைத்தேன். பெயருக்குப் பின்னால் தெருப்பெயர், அதற்குப் பின்னால் வீட்டுக்காரர் தொழில். 2025 ஜூன் மாசக் கடைசியிலிருந்து இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. நாம் போனில் எப்படிப் பதிந்து வைத்திருந்தாலும் சரி, எதிராளி ஆப்பில் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் சரி, அனுப்புவதற்கு முன்னால் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் திரை காட்ட வேண்டும். அந்தப் பெயரை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். ஜீப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். தகப்பன் பெயரோடு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோலவே இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. 14 பேரில் ஐந்து பேருக்குக் கணக்கு அவர்கள் பெயரில் இல்லை. ஒருத்திக்கு மகன் பெயர், ஒருத்திக்கு வீட்டுக்காரர் பெயர். உறையில் கொடுத்த காலத்தில் பணம் முதலில் அவள் கையைத் தொட்டது. இப்போது அவள் மலையிலிருந்து இறங்கும் முன்பே கீழே ஒருவன் போனில் 'டிங்' என்று சத்தம் கேட்கிறது. அத்தாச்சி ஒருத்தி நேராகவே கேட்டாள்: "நான் முள்ளுலயும் அட்டையிலயும் கெடந்து சம்பாதிச்சா, அவன் மொத ஆளா டாஸ்மாக்ல நிக்கறான். எனக்குக் கையில குடுக்க ஏலாதா?" அவளுக்கு இன்றுவரை நோட்டாகத்தான் கொடுக்கிறேன். பாதுகாப்பான பணப் பரிமாற்றம் பற்றி யாராவது பேசினால் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும்.

சரி, சிக்னல் இல்லாத இடத்திலேயே அனுப்ப வழி இருக்கிறதா? இருக்கிறது என்று சொன்னவன் என் அக்கா மகன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். 2024 மே மாசம் லீவுக்கு வந்தவன், "மாமா, உங்க போனையும் என் போனையும் முதுகோட முதுகு ஒட்டுனா பணம் போயிரும், நெட்டே வேணாம்" என்றான். யு.பி.ஐ. லைட் எக்ஸ் என்று பெயர். 2023 செப்டம்பரில் மும்பையில் அறிமுகம் செய்தார்களாம். பீம் ஆப்பில் இருந்தது. நம்பாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பத்தில் நெட் இருக்கும்போதே அவன் போனிலும் என் போனிலும் அதைத் திறந்துவிட்டு, கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை ஆப்புக்குள் இருக்கும் லைட் பைக்குள் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மேலே போனோம். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால், ஒரு கோடுகூட வராத இடமாகப் பார்த்து நின்று, சோதனை சுத்தமாக இருக்கட்டும் என்று போனை ஃபிளைட் மோடில் போட்டோம். அவன் 50 ரூபாய் என்று அடித்தான். ஒட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. மேலே நகர்த்தினோம், கீழே நகர்த்தினோம். ரெண்டு பேரும் கோழிச் சண்டைக்குச் சேவலை முட்டவிடுவதுபோல நின்றதைப் பார்த்து ஸ்டோர்க்காரச் சேட்டன் வெளியே வந்துவிட்டார். அப்புறம் பார்த்தால், என் போனுக்குப் போட்டிருந்த தடித்த ரப்பர் உறைதான் வில்லன். அதைக் கழற்றினேன். கேமராவுக்குக் கீழே, முதுகின் மேல்பாதியில் ஒட்டினோம். கையில் சின்னதாக ஒரு அதிர்வு. 50 ரூபாய் என் பைக்குள் வந்துவிட்டது. சேட்டன், "எந்தா, மந்திரமோ?" என்றார்.

மந்திரம் இல்லை, என்.எஃப்.சி. என்று ஒரு சின்ன ரேடியோ. பஸ்ஸில் தட்டும் கார்டு, மெட்ரோ கார்டு எல்லாம் இதே வகைதான். 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஆனால் தூரம் எட்டாது, நாலு சென்டிமீட்டர் அளவுக்குள் கொண்டுபோனால்தான் ஒன்றை ஒன்று கேட்கும். கூட்டத்தில் எவனாவது பக்கத்தில் நின்று பணத்தை உறிஞ்சிவிடுவான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதைப் பார்த்துப் பயந்தவன் நானும்தான். போனைப் பொறுத்தவரை பூட்டுத் திறந்திருக்க வேண்டும், ஆப் அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும், தொகையை நாம் அடித்திருக்க வேண்டும். பர்ஸில் கிடக்கும் தட்டும் கார்டுக்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரைக்கும் பின் கேட்காமல் அது கட்டிவிடும். வேண்டாதவர்கள் வங்கி ஆப்பில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

என்றாலும், லைட் எக்ஸ் எங்கள் சனிக்கிழமைக்கு ஒத்துவரவில்லை. அன்றைக்கு இருந்த வரம்பு ஒரு தடவைக்கு 500 ரூபாய், பைக்குள் மொத்தமாக 2,000. ஒரு பெண்ணின் வாரச் சம்பளமே 2,700. 2024 டிசம்பரில் யு.பி.ஐ. லைட்டுக்கு ஒரு தடவைக்கு 1,000, மொத்தம் 5,000 என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அப்போதும் 14 பேருக்கு எங்கே போவது? அதைவிடப் பெரிய சிக்கல், ரெண்டு போனிலும் என்.எஃப்.சி. இருக்க வேண்டும். ஜீப்பில் இருந்த அத்தனை போனையும் மருமகன் வாங்கி அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தான். ஒன்றில்கூட இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் போனில் பெரும்பாலும் அதை வைப்பதில்லை.

லைட்டில் பணம் போகப் பின் நம்பர் கேட்காது, அதையும் யோசிக்க வேண்டும். லைட் பைக்குள் இருப்பது சட்டைப் பையில் உள்ள பணம் மாதிரி. போன் பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் எடுத்துச் செலவழித்துவிடலாம். என் வீட்டில் எட்டாவது படிக்கும் மகனுக்கு என் போன் பூட்டு மனப்பாடம். ஆகவே 300, 400-க்கு மேல் அதில் வைப்பதில்லை. டீ, வடை, டயர் பஞ்சருக்கு அது போதும். போனை மாற்றுவதற்கு முன்னால் லைட்டை மூடி, மிச்சத்தைக் கணக்குக்கு அனுப்பிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். போன் மாற்றும் நாளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி புதுப் போன் வாங்கினேன். புதுப் போனில் யு.பி.ஐ. பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. திருடன் நம் சிம்மைப் பிடித்துவிட்டால் ஒரேயடியாக வழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் 14 பேர் முன்னால் அதை விளக்கிப் பாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த பெரிய விஷயம்.

2023 டிசம்பர். மண்டல சீசன். அந்த நாட்களில் சபரிமலை போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். விடிகாலை அஞ்சே முக்கால் இருக்கும். பனி கண்ணாடியை மறைக்கிறது. மெட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். கறுப்பு வேட்டி, துளசி மாலை, நெற்றி நிறைய விபூதி, ஒரு சாமி வந்தார். "சாமி சரணம். ஏ.டி.எம்.ல பணம் இல்லைங்க சாமி. வண்டியில பதினொரு பேரு இருக்கோம். உங்க நம்பருக்கு நாலாயிரம் போடச் சொல்றேன், கையில குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார். என்னிடம் டீசலுக்கு வைத்த பணம் இருந்தது. நம்பரைச் சொன்னேன். அவர் யாருக்கோ போன் செய்தார். ஒரு நிமிஷத்தில் எனக்கு 4,000 வந்தது. அனுப்பியவர் பெயர் வடக்கத்திப் பெயர். "என் ஃப்ரெண்டு போடறாருங்க" என்றார். நோட்டை எண்ணிக் கொடுத்தேன். என் தோளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி. சனிக்கிழமை. முதலாளி பணம் போட்டுவிட்டார். கம்பத்துக்கு இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து முதல் ஆளுக்கு அனுப்புகிறேன், போகவில்லை. ரெண்டாவது ஆளுக்கும் போகவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்தேன். திங்கட்கிழமை வங்கியில் சொன்னார்கள்: கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. வேறொரு மாநிலத்து சைபர் போலீஸ் கடிதம் அனுப்பியிருக்கிறது. பணம் வரலாம், போக முடியாது. 37,800 ரூபாயும் உள்ளே.

எனக்கு விளங்கவில்லை. யாரை ஏமாற்றினேன்? பிறகு எங்கள் பக்கத்து சைபர் பிரிவில் ஒரு போலீஸ்காரர் உட்காரவைத்துச் சொன்னார். யாராவது ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் புகார் எண்ணுக்குப் போன் செய்து சொல்கிறார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே, அங்கிருந்து எங்கே என்று வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக்கொண்டே வரும். தொட்ட கணக்கையெல்லாம் நிறுத்தி வைக்கும். ஏமாந்தவர்களுக்கு அது நல்லதுதான், சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் பிடித்துவிடலாம். என் கணக்கு அந்தச் சங்கிலியில் மூன்றாவது கை. திருட்டுப் பணத்தை நோட்டாக மாற்றித் தர அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. விடிகாலையில், மெட்டில், டீ கிளாஸோடு நான் கிடைத்தேன். வந்தவர் சாமியா ஆசாமியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரையே யாராவது இப்படி மாட்டிவிட்டிருக்கலாம்.

14 பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். உத்தமபாளையத்தில் அடகு வைத்து அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்தேன். அப்புறம் ஆரம்பித்தது கடிதப் போக்குவரத்து. வங்கியில் கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் போலீஸ் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு ரூபாய் சம்பந்தப்பட்டது. வாயால் சொல்வார்கள். எழுத்தில் வாங்குங்கள். அந்த நிலையத்தின் மின்னஞ்சலுக்கு ஆதார் நகல், ஆறு மாசக் கணக்கு விவரம், ஜீப்பின் ஆர்.சி., முதலாளியிடம் வாங்கிய கடிதம், நடந்தது என்ன என்று ஒரு பக்கத்தில் என் வாக்குமூலம், எல்லாம் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். நிலையத்துக்குப் போன் செய்தால் இந்தியில் பேசுகிறார்கள். மருமகன்தான் கான்ஃபரன்ஸ் போட்டுப் பேசினான்.

கட்டப்பனையில் முதலாளிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒரு வழி காட்டினார். கேரளத்தில் 2023-ல் டீக்கடைக்காரர், மீன் விற்பவர் என்று எத்தனையோ பேருடைய கணக்குகள் இதேபோல முடங்கி, சிலர் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், கணக்கு முழுவதையும் பூட்ட வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் கணக்கு தமிழ்நாட்டுக் கிளையில் இருந்தது. ஆனாலும் அதைக் குறிப்பிட்டு, "4,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், மீதியை விடுங்கள்" என்று வங்கிக்கும் அந்தப் போலீஸுக்கும் ஒரே கடிதமாக எழுதிக் கொடுத்தார். 26-ஆவது நாள் கணக்கு திறந்தது. அந்த 4,000 மட்டும் இன்னும் உள்ளேயே நிற்கிறது. இருக்கட்டும்.

அன்றிலிருந்து எனக்கு ரெண்டு கணக்கு. வாடகை, டூரிஸ்ட் சவாரி என்று முகம் தெரியாதவர்களிடம் வாங்குவது ஒன்றில். கியூ.ஆர். ஸ்டிக்கரும் அதற்குத்தான். சம்பளப் பணம் வருவது இன்னொன்றில். அந்த நம்பர் முதலாளிக்கு மட்டும் தெரியும். ஜிபே வாங்கிக்கொண்டு நோட்டுத் தருவது யாருக்கும் கிடையாது. சாமியாக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. டீ வாங்கித் தருகிறேன், டிபன் வாங்கித் தருகிறேன், பணம் கிடையாது. சவாரி வந்தவரிடம் வாங்கும்போதும் எதிரில் நிற்பவரும் திரையில் வரும் பெயரும் வேறாக இருந்தால் யார் என்று கேட்டுவிடுவேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

டூரிஸ்ட் சவாரி என்றதும் ஞாபகம் வருகிறது. தேக்கடிக்கு வந்த நாலு பையன்கள், 2,200 வாடகை. இறங்கும்போது பச்சை டிக் போட்ட திரையைக் காட்டினார்கள், என் பெயர், தொகை, நேரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. பணம் வரவே இல்லை. அப்படித் திரை காட்டுவதற்கென்றே போலி ஆப் இருக்கிறதாம். அவன் திரையில் என்ன இருந்தால் எனக்கென்ன, என் கணக்கில் வந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். குமுளியில் கடைக்கடைக்குப் பேசும் பெட்டி வைத்திருப்பது இதற்குத்தான். அங்கே அது மலையாளத்தில் தொகை சொல்லும், லோயர் கேம்ப் இறங்கினால் தமிழில் சொல்லும். ஜீப்பில் பெட்டி வைக்க முடியாது. வங்கி மெசேஜ் மலையில் தாமதமாக வரும். ஆகவே நெட் இருக்கும் இடமாகப் பார்த்து இறக்கிவிட்டு, ஆப்பில் இருப்பைப் பார்த்த பிறகுதான் அவர்களுடைய சாமான்களை எடுத்துக் கொடுக்கிறேன்.

நமக்குப் பணம் வர பின் நம்பர் போடத் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஜீப்பில் வரும் அக்கா ஒருவரின் மகன் பழைய பைக்கை விற்க, "இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணு, அட்வான்ஸ் வரும்" என்று எவனோ அனுப்பியதை ஸ்கேன் செய்து பின்னும் போட்டு 6,000 இழந்தான். பணம் கேட்டு வரும் கோரிக்கையை நாம் ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்கிற வழியைத் தனிநபர்களுக்கு இடையே 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். கியூ.ஆர். வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் எங்கள் ஜீப்பில் நாலு பேர். அவர்களுக்கு ரெண்டு வழி இருக்கிறது. *99# என்று அடித்தால் நெட் இல்லாமலே, பேசும் சிக்னல் இருந்தால் போதும், எண்களை அழுத்தி அழுத்தி அனுப்பலாம், ஒரு தடவைக்கு 5,000 வரை. இன்னொன்று 2022 மார்ச்சில் வந்த 123பே. ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் குரல் கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதில் 5,000 என்று இருந்த வரம்பை 10,000 ஆக்கிவிட்டார்கள். ரெண்டுக்கும் முதலில் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் கொடுத்துப் பின் அமைக்க வேண்டும். அதைச் செய்துகொடுக்கும்போது வேறு யாரும் பின்னைப் பார்க்கக் கூடாது. நானும்தான்.

அறுபது தாண்டிய பெரியம்மா ஒருவர் எங்களோடு வருகிறார். மருமகள் கணக்கில் பணம் போவது பிடிக்காமல் தன் பெயரில் கணக்கு தொடங்கினார். பின் அமைத்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன எண் வைப்பது என்று யோசித்தவரிடம், "பொறந்த வருஷம் மட்டும் வேண்டாம் பெரியம்மா" என்றேன். "நான் பொறந்த வருஷம் எனக்கே தெரியாதுடா" என்றார்.

போன வாரம் டீக்கடையில் அவருக்குச் சம்பளம் போட்டேன். 123பே எண்ணுக்குப் போன் செய்து இருப்பைக் கேட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பேத்திக்கு 500 அனுப்ப வேண்டும் என்று மறுபடி அந்த எண்ணுக்குப் போன் செய்தார். போனில் குரல் ஏதோ சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே பட்டனை அமுக்கினார். பின் கேட்டதும் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். அவர் முந்தானையை இழுத்துப் போனை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அமுக்கும் சத்தம் கேட்டது.